அரை விரல் மேடு

“முதல்ல என்னையச் சரிபண்ணி விடுங்க தாயி. அப்புறம் போய் அவனைச் சுமக்கிறேன்” என்றான் உடையப்பன்.

தண்ணீர் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“இருபத்திநாலாம் நம்பர் ஸ்பானர் அந்தச் சாக்குமேல இருக்கும். எடுங்கண்ணே” என்றது உள்ளேயிருந்து குரல்.

உடையப்பன் எடுத்துக் கொடுத்தான்.

“இது இருபத்திரண்டு.”

மாற்றிக் கொடுத்தான்.

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“இந்த நட்டு கழலட்டும்.”

நட்டு கழலவில்லை.


கரட்டுமடம் என்றால் பெரிய மடம் இல்லை. மொட்டைக் கரட்டின் அடிவாரத்தில் இரண்டு ஓட்டுக் கொட்டகை, ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு புளியமரம். அதை நடத்துகிறவள் பேச்சியம்மை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். காவி கட்டியிருப்பாள். காவியில் கிரீஸ் கறை இருக்கும்.

அவள் போதனை செய்து யாரும் கேட்டதில்லை. தினமும் காலையில் டிராக்டரின் கொக்கியில் தண்ணீர் வண்டியை மாட்டிக்கொண்டு கரட்டின்மேல் இருக்கும் மேல்குடிக்குப் போவாள். அங்கே நாற்பது வீடு. தோண்டிய இடமெல்லாம் பாறை. வண்டி போனால் தண்ணீர், போகாவிட்டால் இல்லை.

வண்டி சாதாரண டிரெய்லர்தான். மேலே ஐயாயிரம் லிட்டர் தொட்டி. கீழே வயிற்றுக்கு நேராக அடுத்தடுத்து இரண்டு அச்சு, நாலு சக்கரம்.

உடையப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. ஆட்டுச் சந்தையில் தரகன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதில் ஏழு சந்தைக்கும் அவன் பெயர் தெரியும். அவன் கோபம் எட்டாவது சந்தைக்கும் தெரியும்.


பேச்சியம்மை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“யாரைச் சுமக்கணும்?”

“எங்கண்ணன் காத்தமுத்துவை. பத்து வயசுல என்னையக் கழுத்தைப் பிடிச்சு வீட்டுக்கு வெளிய தள்ளுனவன். அன்னையிலிருந்து நானாத்தான் பொழைச்சேன். ஆடு மேய்ச்சேன், ஆடு தூக்குனேன், ஆடு வித்தேன். நாப்பத்தாறு வருசம் அவன் மொகத்துல முழிக்கல. இப்ப அவனுக்கு ஒரு பக்கம் விழுந்துபோச்சு. பெத்த புள்ளைக கொண்டாந்து என் வாசல்ல இறக்கிட்டுப் போயிட்டானுக.”

“சரி.”

“என்ன சரி? கையும் காலும்தான் விழுந்துச்சு, வாய் விழல. கஞ்சியில உப்பு இல்லைங்கிறான். உப்புப் போட்டா கரிக்குதுங்கிறான். போன சனிக்கிழமை கஞ்சிக் கும்பாவை எடுத்து அவன்மேல வீசிட்டேன். தலைக்கு ஒரு சாண் தள்ளி, சுவத்துல போய் விழுந்துச்சு.”

“ஒரு சாண்.”

“ஒரே சாண் தாயி. நான் குறிவச்சு வீசினா தப்பாது. அன்னைக்கு எப்படித் தப்புச்சுன்னு எனக்கே தெரியல. பயந்துபோய் ஓடியாந்துட்டேன்.”

பேச்சியம்மை ஸ்பானரைத் துடைத்துச் சாக்குமேல் வைத்தாள்.

“வீட்டுக்காரி போன் போட்டா. அவரை ஒருத்தியாப் புரட்டிப் போட என்னால ஆகாது, வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு முதியோர் ஹோம்காரங்க வேன் வருது, அதுக்குள்ள நீங்க வந்தா வாங்க, இல்லைன்னா ஏத்தி அனுப்பிருவேங்கிறா. அந்த ஹோமுக்குப் போனவன் எவனும் திரும்பி வந்ததில்ல. எனக்குத் தெரியும்.”

“போக வேண்டியதுதானே?”

“போனா அடிச்சிருவேன். அதுக்குத்தான் சொல்றேன். இந்தக் கோவத்தை எடுத்து விடுங்க. போறேன். எடுக்க முடியாதுன்னா காவியைக் குடுங்க. இங்கேயே கெடந்துக்கிறேன். வேன் வந்தா வருது.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“திங்க.”

“நாலு நாள் இருக்கு. வண்டிக்கு ரெண்டு அச்சும் போச்சு. மாத்தணும். கூட இருங்கண்ணே.”

“அச்சுக்கும் என் கோவத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“மேல்குடிக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் இருக்குல்ல?”

அவள் மறுபடி அடியில் போனாள். உடையப்பன் நின்றான். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவனும் குனிந்தான்.


அச்சை வண்டியின் வில்பட்டையோடு சேர்த்துக் கட்டியிருப்பவை எட்டு யு போல்ட்டுகள். இருபது வருஷத் தண்ணீர் சொட்டி, துருவும் இரும்பும் ஒன்றாகிக் கிடந்தன.

உடையப்பன் முதல் நட்டில் ஸ்பானரை மாட்டித் தொங்கினான். நட்டு அசையவில்லை. காலால் உதைத்தான். நட்டு அசையவில்லை. அதன் தாயையும் தகப்பனையும் திட்டினான். நட்டு கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

ஸ்பானரைப் பிடுங்கி வீசினான். அது புளியமரத்தைத் தாண்டிக் கள்ளிப் புதருக்குள் போய் விழுந்தது.

பேச்சியம்மை மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தாள். பதினாறு நட்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

“ஊறணும். மதியம் கழலும்.”

“அதுவரைக்கும் நான் என்ன செய்ய?”

“ஸ்பானரைத் தேடுங்கண்ணே. நம்மகிட்ட இருபத்திநாலு அது ஒண்ணுதான்.”

கள்ளி முள் ஏழு இடத்தில் ஏறியது. எட்டாவது முள்ளோடு ஸ்பானர் கிடைத்தது.

அப்போது மேல்குடியிலிருந்து இருளாயி இறங்கி வந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். வண்டி நின்றால் அவர்கள் நடக்க வேண்டும்.

இருளாயி வண்டியைப் பார்த்தாள். ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டையில் உட்காரவைத்திருந்தார்கள். சக்கரம் இல்லை.

“என்ன தரகரே, வண்டி எந்திரிக்குமா? இல்ல உம்ம மாதிரி இங்கேயே காவி கட்டி உக்காந்துருமா?”

“வெள்ளிக்கிழமை காலையில தண்ணி வரும்.”

“யாரு சொன்னது?”

“நான் சொல்றேன்.”

“ஆட்டுத் தரகரு சொல்லு. பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் நம்பணும்.”

பெண்கள் சிரித்தார்கள். உடையப்பனுக்குக் காது சிவந்தது. ஸ்பானரை இறுக்கிப் பிடித்தான். வீசவில்லை. காரணம் பொறுமை அல்ல, கள்ளி.


செவ்வாய்க்கிழமை இரண்டு அச்சும் இறங்கின.

புளியமரத்தடியில் அவற்றைப் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். சதுர இரும்பு. இரண்டு முனையிலும் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து பளபளத்தது.

உடையப்பன் தரகன். எதைப் பார்த்தாலும் குறை தேடுகிற கண். கொத்தனார் நூல் ஒன்றை எடுத்து, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இழுத்துப் பிடித்தான். நூல் அச்சின் நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு மயிர் இடைவெளி இல்லை. இரண்டாவதும் அப்படியே.

“தாயி, நேராத்தானே கெடக்கு? முனையில கொஞ்சம் தேஞ்சிருக்கு. கடைசல் பட்டறையில குடுத்துச் சரிபண்ணினா இன்னும் பத்து வருசம் ஓடுமே. எதுக்குப் புதுசு?”

“செத்துப்போச்சுண்ணே. புதுசு வாங்கிட்டு வாங்க.”

செத்துப்போன ஆட்டை அவன் பார்த்திருக்கிறான். செத்துப்போன இரும்பைப் பார்த்ததில்லை.


டவுனில் அச்சு விற்கும் கடை மரியதாஸுடையது. பொறுமைசாலி. அன்றைக்கு அது போதவில்லை.

உடையப்பன் இரண்டு அச்சைப் பொறுக்கி வெளியே இழுத்துப் போட்டான். சந்தைச் சட்டம் ஒன்று உண்டு. ஆடு நாலு காலில் நின்றாலும் நொண்டுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் விரலைப் பிடிக்க வேண்டும். குறை சொல்லாமல் விலை கேட்கிறவனுக்குச் சந்தையில் முட்டாள் என்று பெயர்.

“சரக்கு கோணலா இருக்கே” என்றான், பார்க்காமலே.

“எங்கங்க கோணல்?”

சும்மா சொன்னது. ஆனாலும் கடைக்காரன் கேட்டுவிட்டானே. உடையப்பன் மடியிலிருந்து நூலை எடுத்து அச்சுக்கு அடியில் முனைக்கு முனை பிடித்தான்.

நடுவில் இடைவெளி தெரிந்தது. அரை விரல் நுழையும் அளவு. அச்சு நடுவில் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றது.

அடுத்ததைப் பிடித்தான். அதே அரை விரல்.

இப்போது கோபம் உண்மையாகவே வந்தது. பொய்யாகச் சொன்ன குறை மெய்யாக இருந்தால் தரகனுக்கு வருகிற கோபம் தனி. தன்னை ஏமாற்றப் பார்த்தார்கள் என்று அவனுக்கு நிச்சயமாகிவிடும்.

“இது என்ன அச்சா, வில்லா? அம்பு எங்கய்யா?”

“அது அப்படித்தாங்க அடிச்சு வரும். கொஞ்சம் ஏத்தம் விட்டுத்தான்…”

“எனக்குப் பாடம் எடுக்காத! நான் பொறந்ததுலேருந்து சரக்குப் பார்க்கிறவன்!”

“நான் சொல்றதைக் கொஞ்சம்…”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். விலையைச் சொல்லு.”

தெரு திரும்பிப் பார்த்தது. மரியதாஸ் விலையைக் குறைத்தார். கத்தல் நிற்கவில்லை. இன்னும் குறைத்தார். கத்தல் நின்றது.

ஏற்றிக்கொண்டிருக்கும்போது மரியதாஸ் சாக்பீஸால் இரண்டு அச்சின் நடுவிலும் ஒரு அம்புக்குறி போட்டார்.

“இந்தப் பக்கம் மேல வர்ற மாதிரி மாட்டுங்க. அது போதும்.”

உடையப்பன் காதில் வாங்கவில்லை. ஜெயித்தவன் காதில் எதுவும் விழாது.


“பாருங்க தாயி. பழசு இருபது வருசம் ஓடுனது. நூல் பிடிச்சாப்ல நேராக் கெடக்கு. புதுசு ரெண்டும் கோணல். அதைச் சொல்லியே விலையைப் பாதியாக்கிட்டேன்.”

பேச்சியம்மை புது அச்சைப் பார்த்தாள். பழசையும் பார்த்தாள்.

“ஆமாண்ணே. அதுக்குத்தான் மாத்துறோம்.”

“என்ன சொல்றீங்க?”

“அப்படியே மாட்டுங்க. நான் இந்தக் குடங்களை மேல ஏத்திட்டு வந்துர்றேன்.”

முதுகில் ஒரு கேனும் தலையில் ஒரு குடமுமாக அவள் கரட்டில் ஏறிப் போனாள். செவ்வாயும் போனாள், புதனும் போனாள். ஒரு நாளைக்கு ஆறு நடை.

உடையப்பன் இரண்டு அச்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். அந்த அரை விரல் அவனை உட்காரவிடவில்லை. கோணலை வைத்து விலையைக் குறைத்தாகிவிட்டது. இனிக் கோணலையும் எடுத்துவிட்டால் முழு லாபம். வேறு எப்படி யோசிப்பான்? அப்படி யோசித்துத்தான் நாற்பத்தாறு வருஷம் சாப்பிட்டிருக்கிறான்.

புதன்கிழமை, அவள் இரண்டாவது நடையில் இருந்தபோது, ஒரு குட்டியானை லோடு வண்டியை அழைத்து இரண்டு அச்சையும் ஏற்றினான். டவுனில் இரும்பை அழுத்தி நிமிர்த்தும் பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்குப் போனான்.

பட்டறைக்காரன் தலையைச் சொறிந்தான். “நிமித்தணுமா? எதுக்குங்க?”

“கோணலா இருந்தா நிமித்த மாட்டியா? உன் தொழில் என்ன?”

பிரஸ் இறங்கியது. முதல் அச்சு முனகியது. நூல் பிடித்தார்கள். நேர்.

இரண்டாவதை வைத்தார்கள். பிரஸ் இறங்கத் தொடங்கியது. பாதியில் நின்றது. மேலே மின்விசிறியும் நின்றது.

“கரண்டு போயிருச்சு. சாயங்காலம்தான் வரும். மேல கம்பி மாத்துறாங்களாம்.”

உடையப்பன் மின்சாரத்தைத் திட்டினான். கம்பியைத் திட்டினான். கம்பத்தைத் திட்டினான். வெள்ளிக்கிழமை தண்ணீர் வரும் என்று இருளாயியிடம் சொன்னது நினைவு வந்தது. அவளையும் திட்டினான். அச்சுகளை ஏற்றிக்கொண்டு திரும்பினான்.


பேச்சியம்மை குடத்தை இறக்கிவைத்துவிட்டு அச்சுகளைத் தடவிப் பார்த்தாள். ஒன்றில் சாக்பீஸ் குறி இருந்தது. ஒன்றில் பிரஸ் அழுத்திய தழும்பு இருந்தது.

“நிமித்துனீங்களா?”

“ஒண்ணைத்தான் முடிஞ்சுது. இன்னொண்ணு வைக்கும்போது கரண்டு போயிருச்சு.”

“கரண்டு நல்லா இருக்கட்டும்” என்றாள்.

உடையப்பன் முறைத்தான். “கேலி பண்றீங்களா?”

“நிமித்துனதை முன்னால மாட்டுங்கண்ணே. நிமித்தாததைப் பின்னால. சாக்பீஸ் குறி மேல வரணும்.”

“கோணலை ஏன் மாட்டணும்? நாளைக்குக் கொண்டுபோய் அதையும்…”

“நாளைக்கு வியாழன்.”

அவன் ஜாக்கியை எடுக்கப் போனான்.

வியாழன் முழுக்க வேலை. பட்டைமேல் அச்சை உட்காரவைத்து, புது யு போல்ட் போட்டு இறுக்கினார்கள். கொக்கியிலிருந்து அச்சின் இரண்டு முனைக்கும் நூல் பிடித்து அளந்தார்கள். ஒரு பக்கம் ஒரு விரல்கடை கூடுதல் இருந்தது. தட்டித் தட்டிச் சமமாக்கினார்கள். பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி நிரப்பினாள் பேச்சியம்மை. சக்கரத்தைச் சுண்டிவிட்டாள். அது சத்தமில்லாமல் சுற்றியது.

உடையப்பன் தள்ளி நின்று பார்த்தான். முன் சக்கரங்கள் செங்குத்தாக, பார்க்க லட்சணமாக நின்றன. பின் சக்கரங்கள் கொஞ்சம் தலையை வெளியே சாய்த்து, காலை உள்ளே இழுத்து நின்றன.

“முன்னது எப்படி நிக்குது பாருங்க. பின்னது சாராயம் குடிச்சவன் மாதிரி நிக்குது.”

“வெறும் வண்டி” என்றாள் பேச்சியம்மை.


பொழுது சாயும் நேரத்தில் அவன் போன் அடித்தது. மனைவி வள்ளிமயில்.

“வேனு நாளைக்கு வருது. உறுதியான்னு கேட்டாக. ஏத்தவா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவளுக்குப் பின்னால் அண்ணன் குரல் எழுந்தது. வாய் கோணியிருந்தாலும் சொல் தெளிவாகத்தான் கேட்டது.

“இது கஞ்சியா, கழனித் தண்ணியா? எங்க அவன்? ஓடிட்டானா? பயந்தாங்கொள்ளிப் பய!”

உடையப்பனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. போனைக் காதிலிருந்து பிடுங்கினான். பேசாமல் அணைத்தான்.

பேச்சியம்மை முன்னால் போய் நின்றான்.

“கேட்டீங்களா? நாலு நாள் ஆச்சு. அந்தக் குரலைக் கேட்டதும் கை அப்படியே வீசப் போகுது. ஒரு மயிரளவும் குறையல. நீங்க என்னைய வேலை வாங்குனதுதான் மிச்சம். காவியைக் குடுங்க. நான் முடிவு எடுத்தது எடுத்ததுதான்.”

“நூல் இருக்காண்ணே?”

“எதுக்கு?”

“ரெண்டு அச்சுக்கும் அடியில முனைக்கு முனை இழுத்துக் கட்டுங்க. காலையில ஆறு மணிக்கு மோட்டாருக்குக் கரண்டு வரும். தொட்டியில தண்ணி விடும்போது அடியில படுத்துக்கங்க.”

“படுத்து?”

“பாருங்க.”

“காவி?”

“காலையில கேளுங்க. இருந்தா தர்றேன்.”


வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. மோட்டார் இரைந்தது. குழாய் வழியாகத் தண்ணீர் தொட்டிக்குள் விழுந்தது.

சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு உடையப்பன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். தலைக்குமேல் இரண்டு அச்சு. இரண்டு நூல்.

முன்னச்சில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. நேர். பின்னச்சில் நூலுக்கும் இரும்புக்கும் நடுவில் அரை விரல். கோணல்.

தண்ணீர் ஏறியது. பட்டைகள் முனகின.

கால் தொட்டி.

முன்னச்சைப் பார்த்தான். நூலின் நடுவில் ஏதோ அழுத்துவது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். அச்சின் வயிறு இறங்கி நூலைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

அரைத் தொட்டி.

பின்னச்சைப் பார்த்தான். இடைவெளியில் விரலை விட்டான். நுழையவில்லை. நகத்தை விட்டான். நுழைந்தது.

முக்கால் தொட்டி.

முன்னச்சு நூலைத் தொங்கட்டான் போல ஆக்கியிருந்தது. அதன் சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்துக் காலை வெளியே விரித்துவிட்டன, சுமை தாங்காத ஆட்டுக் குட்டி போல.

தொட்டி நிறைந்து வழிந்தது. முகத்தில் சொட்டியது. அவன் நகரவில்லை.

பின்னச்சு நூலோடு ஒட்டிக் கிடந்தது. முனைக்கு முனை. ஒரு மயிர் இடைவெளி இல்லை. அதன் சக்கரங்கள் செங்குத்தாக நின்றன.

அவன் தலையைத் திருப்பினான். புளியமரத்தடியில் பழைய அச்சுகள் இரண்டும் தலைக்குமேல் எதுவும் இல்லாமல் நேராகக் கிடந்தன.

மோட்டார் நின்றது.

வெகுநேரம் அவன் வெளியே வரவில்லை.


“தரகரே! செத்துக்கித்துப் போயிட்டீரா?”

இருளாயி குனிந்து பார்த்தாள். குடம் எடுத்துவந்திருந்தாள். நம்பவில்லை போலிருக்கிறது.

உடையப்பன் ஊர்ந்து வெளியே வந்தான். முதுகெல்லாம் சேறு. குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவினான். கிரீஸ் போகவில்லை. அப்படியே துண்டை உதறித் தோளில் போட்டான். கொட்டகைக்குள் போய்ப் பையை எடுத்து வந்தான்.

பேச்சியம்மை டிராக்டரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். “கோவம் போயிருச்சாண்ணே?”

அவன் கொஞ்சம் யோசித்தான். சந்தையில் ஆட்டின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிற முகம்.

“இல்ல. அப்படியேதான் இருக்கு, அரை விரல் மேடா.”

“பிறகு எங்க கிளம்பிட்டீங்க?”

“ஏழு மணி பஸ். ஒம்பதுக்குள்ள போயிரலாம். வேன் பத்துக்குத்தான்.”

“அய்ய, காவி வேணாமா?” என்றாள் இருளாயி.

“உன் குடத்தை மேல வை. வண்டி போகப்போகுது.”

இருளாயி குடத்தை வைத்தாள். வாயை மூடவில்லை. “வண்டி மேல வருமா, பாதியில படுத்துக்குமா? முன்ன சக்கரம் ஒரு தினுசா நிக்குதே?”

“நான் பண்ணுன வேலை” என்றான் உடையப்பன்.

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து சந்தையில் யாரும் கேட்டதில்லை. இருளாயிக்கு அது தெரியாது. அதனால் சாதாரணமாகத் தலையாட்டினாள்.

“மெதுவாப் போனா நாலஞ்சு நடை தாங்கும்” என்றாள் பேச்சியம்மை.

“செவ்வாக்கிழமை சந்தை முடிஞ்சதும் வர்றேன் தாயி. மரியதாஸ்கிட்ட இன்னொரு அச்சு வாங்கிட்டு வர்றேன்.”

“எப்படி? கத்தியா?”

“அவரு சொல்ற விலைக்கு.”

பேச்சியம்மை சாவியைத் திருப்பினாள். டிராக்டர் இருமி, உறுமி, நின்ற இடத்தில் நடுங்கியது. கொக்கி இழுபட்டுச் சத்தம் போட்டது.

உடையப்பன் நாலு எட்டு வைத்தான். நின்றான். திரும்பி வந்தான். டிராக்டர் இரைச்சலுக்குமேல் கேட்க வேண்டும் என்பதால் கத்தினான். வேறு விதமாகப் பேச அவனுக்கு எப்போதுமே தெரியாது.

“தாயி! கஞ்சிக்கு உப்பு எவ்வளவுதான் போடுறது?”

பேச்சியம்மை கியரைப் போட்டாள்.

“அவரைக் கேட்டீங்களாண்ணே?”